பந்து படாதவன்

தேசிய ரக்பி அணியின் மேனேஜருக்கு மற்ற வேலைகள் எல்லாம் கொசுறு. பஸ் ஏற்பாடு செய்வது, சேறு படிந்த ஜெர்ஸிகளைத் துவைக்கப் போடுவது, முழங்காலுக்குக் கட்டுத்துணி வாங்குவது, இவற்றை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவருடைய அசல் வேலை, யார் நம்மவன், யார் நம்மவன் இல்லை என்று தீர்ப்பு சொல்வது. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சங்க அலுவலகத்தில், ஒரு கால் ஆடும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

விதி என்னவோ சுலபமானதுதான். ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லையா, அப்பா அம்மாவில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையா, ஐந்து வருடம் விடாமல் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். இந்த அணியோ நோஞ்சான் அணி. அதனால் வெளிநாட்டு கிளப்புகளில் ஆடுகிறவர்களின் பாட்டிமார் எங்கே பிறந்தார்கள் என்று மேனேஜர் துருவித் துருவி விசாரித்து ஆள் பிடிப்பார். சங்கத்தில் இதற்குப் 'பாட்டி வேட்டை' என்று பெயர். இரண்டு பாட்டிகளை அவரே கண்டுபிடித்திருக்கிறார். அதில் ஒரு பாட்டி தன் பேரன் ரக்பி ஆடுகிறான் என்பதையே நம்பவில்லை.

ஆனால் அவருக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விதி. ஒரு நாட்டின் மூத்த அணிக்காக ஒரு தரம் மைதானத்தில் கால் வைத்துவிட்டால் அதோடு பூட்டு விழுந்துவிடும். முழு ஆட்டமும் ஆடினாலும் ஒன்றுதான், கடைசி நிமிடத்தில் இறங்கிச் சும்மா நின்றாலும் ஒன்றுதான். இன்னொரு நாட்டில் பிறந்தவனுக்கோ, அப்பன் பாட்டன் வழியில் உறவு உள்ளவனுக்கோ சில வருடம் சும்மா இருந்துவிட்டு மாறிக்கொள்ள ஒரு சந்து உண்டு. குடியிருந்து உரிமை வாங்கியவனுக்கு அந்தச் சந்தும் கிடையாது.

ஒரு சமயம் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற ஒரு ஆள் வந்தான். சுவர் மாதிரி இருப்பான், நல்ல ஆட்டக்காரன். ஐந்து வருடம் முடியப் போகிற நேரத்தில் அவன் அப்பா செத்துப்போக, சொந்த நாட்டுக்குப் போனவன் துக்கத்தில் ரொம்ப நாள் தங்கிவிட்டான். கணக்கு அறுந்துவிட்டது. மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "கொஞ்சம் சீக்கிரமா புதைச்சுட்டு வந்திருக்கலாமேப்பா" என்றார். அந்த ஆள் படியிறங்கிப் போனதும் இதையே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிப்பட்டவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த மேனேஜருடைய மச்சினன்தான் வெட்டுக்கிளி. மனைவியின் கூடப்பிறந்த தம்பி. நெட்டைக் காலும் ஒட்டிய வயிறுமாக மைதானத்தின் ஓரத்தில் நிற்பான். பந்து கைக்கு வந்தால் அடுத்த கணம் அவன் அங்கே இருக்க மாட்டான். இங்கே யாரும் அவனைச் சீந்தவில்லை. முக்கியமாக மேனேஜர் சீந்தவில்லை. "வீட்டு ஆளையே சேர்த்தா ஊர் என்ன பேசும்?" என்று நியாயஸ்தர் வேஷம் போட்டார். பையன் பார்த்தான், ஒரு பெரிய நாட்டுக்குப் போய் மீன் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டு, மாலையில் கிளப்பில் ஆடினான். இரண்டு வருடத்தில் அந்த நாட்டுப் பத்திரிகைகளில் அவன் படம் வந்தது. அப்புறம் இங்கேயும் வந்தது. அதுவரை ஊரில் அவனை 'மேனேஜரோட மச்சினன்' என்பார்கள். இப்போது இவரை 'வெட்டுக்கிளியோட அத்தான்' என்றார்கள். டயர் கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். மேனேஜர் சிரித்துக்கொள்வார். உள்ளே வயிறு எரியும். இளவயதில் அவரும் ரக்பி ஆடியவர்தான். பெஞ்சுக்கு மேலே அவர் போனதில்லை.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வெட்டுக்கிளி ஊருக்கு வந்தான். அம்மா மகள் வீட்டில், அதாவது மேனேஜர் வீட்டில், இருந்தாள். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புகை படிந்த பார்வை. வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் பையன் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அக்கா, அங்க போன மாசத்தோட அஞ்சு வருஷம் முடிஞ்சிடுச்சு. அடுத்த டூருக்கு என்னை எடுக்கறாங்க. அவங்க நாட்டு அணிக்கு!"

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றான் பையன். "அதுவரைக்கும் வேற எந்த நாட்டுக்கும் கிரவுண்டுல இறங்கக் கூடாது. இறங்கினா அவ்வளவுதான், என் வாழ்க்கைக்கும் கதவைச் சாத்திடுவாங்க. அத்தானுக்குத் தெரியாததா?"

"தெரியாம என்ன" என்றார் மேனேஜர். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

மறுநாளே கோச்சிடம் போனார். வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நாட்டோடு ஆட்டம். ஜெயித்தால்தான் பெரிய போட்டிக்குத் தகுதி. அணியில் ஒரு ஓரத்து ஆட்டக்காரனுக்கு முழங்கால் போயிருந்தது. "என் மச்சினனை பெஞ்சுல உக்கார வைக்கிறேன். கடைசியில ஒரு நிமிஷம் இறக்கிவிடுங்க, போதும். பூட்டு விழுந்துடும். அப்புறம் அவன் எங்க போவான்? பத்து வருஷத்துக்கு நம்ம ஆள்" என்றார். கோச் நேர்மையான ஆள் என்று பெயர். அவர் கொஞ்ச நேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அவன் சம்மதிச்சா எனக்கென்ன" என்றார். நேர்மை அத்தோடு முடிந்தது.

சம்மதிக்க வைப்பதில்தான் மேனேஜரின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. அந்த ஊரில் எல்லோரும் ரக்பி பழகியது ரயில் பாதைக்குப் பக்கத்துக் கட்டாந்தரையில்தான். விடுமுறை நாளில் வருகிறவர்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடுவார்கள். தாமதமாக வருகிறவன் ஒரு கட்சியில் போய் நிற்பான். ஆனால் அவன் கையில் பந்து படும்வரை எதிர்க்கட்சி அவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், அவனும் போகலாம். பந்து பட்டதோ, அன்றைக்கு முழுக்க அவன் அந்தக் கட்சி. 'பந்து படாதவன் பொது ஆள்' என்பார்கள். வெட்டுக்கிளி நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அங்கே ஆடியவன். அந்தச் சட்டம் அவன் ரத்தத்தில் இருந்தது.

"சும்மா பெஞ்சுல உக்காருடா. ஆள் குறையுது. ஜனங்க உன்னைப் பார்க்கட்டுமே" என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"இறங்கச் சொல்லிட்டா?"

"இறங்கினாலும் ஒண்ணும் இல்ல. பந்து கையில படணும். படலைன்னா ஆடினதா கணக்கு இல்ல."

பையன் முகம் மலர்ந்தது. "நம்ம கட்டாந்தரை ரூல் மாதிரியா அத்தான்?"

"எல்லா ஊர் கட்டாந்தரையிலயும் அதே ரூல்தான்டா. அதைத்தான் பெரிய ஆளுங்க எழுதி வச்சிருக்காங்க."

"எதுக்கும் அங்க ஒரு போன் போட்டுக் கேட்டுடறேனே."

"கேளு. தாராளமா கேளு. இவனுக்கு ரெண்டு மனசுன்னு நினைப்பாங்க. பேரை அடிச்சுட்டு அடுத்தவன் பேரை எழுதுவாங்க. அப்புறம் என்னைச் சொல்லாத."

பையன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அக்காவுக்குத்தான் என்னவோ உறுத்தியது. "என்னங்க, நிஜமாத்தானே சொல்றீங்க? அவன் பிழைப்புங்க இது" என்றாள். மேனேஜர் எழுந்துபோய், கட்டிலில் படுத்திருந்த மாமியாரின் கட்டுப் போட்ட கண்ணுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். "அத்தை கண்ணு மேல சத்தியம். போதுமா?" என்றார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "என் பையன் பேரை நம்ம ஊர் மைக்ல ஒரு தரம் கேட்டுட்டா போதும்."

அவர் மனசாட்சி ஒன்றும் குத்தவில்லை. விஷயம் தெரிந்ததும் பையன் ஒரு வாரம் அழுவான், பிறகு ஆடுவான் என்று கணக்குப் போட்டிருந்தார். நாடு என்று ஒரு வார்த்தை கையில் இருந்தால் எதையும் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவர் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் எள் போட இடமில்லை. ஆட்டம் முழுக்க இழுபறி. முடியப் போகிற நேரத்தில் நம் அணி நான்கு புள்ளி முன்னால் இருந்தது. எதிராளி நம் கோட்டுக்கு அப்பால் பந்தை ஒரு தரம் ஊன்றினால் அவர்களுக்கு ஐந்து புள்ளி போய்விடும். அதைத் தடுத்து நின்றால் போதும். அப்போது வலது ஓரத்து ஆட்டக்காரன் தசை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கோச் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பெஞ்சுக்கு வந்து பையனின் தோளை அமுக்கினார்.

"ஓரமா நில்லு. பந்தைத் தொடாத. அவ்வளவுதான்."

"வேண்டாம் அத்தான். பயமா இருக்கு."

"உங்கம்மா டிவி முன்னால காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்கடா. போடா."

வெட்டுக்கிளி எழுந்தான். மைக்கில் அவன் பேரைச் சொன்னதும் ஸ்டாண்டு முழுக்க எழுந்து நின்று கத்தியது. அவன் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்றான், குனிந்து பூட்ஸைப் பார்த்தான், பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தான். மேனேஜர் பெருமூச்சு விட்டார். பூட்டு விழுந்தது. இனி அந்தப் பெரிய நாடு தலைகீழாக நின்றாலும் இவன் கிடைக்க மாட்டான். 'வெட்டுக்கிளியோட அத்தான்' என்று இனி எவனாவது கூப்பிடட்டும், சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான். பந்துக்கு இந்தச் சதி தெரியாது.

எதிரணிக்காரன் ஒருவன் வேறு வழியில்லாமல் பந்தை உயர உதைத்தான். அது காற்றில் சுழன்று, வேறு யாரும் இல்லாத வலது மூலைக்கு, நேராக வெட்டுக்கிளியின் மார்புக்கு இறங்கியது. சின்னக் குழந்தைகூடப் பிடித்துவிடும். பிடித்து வெளியே உதைத்தால் ஆட்டம் முடிந்தது, ஜெயித்தாயிற்று. மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்று, "பிடிடா! டேய், பிடி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஸ்டாண்டே கத்திக்கொண்டிருந்ததில் அது அவருக்கே கேட்கவில்லை.

பையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். உடம்பை லேசாக ஒதுக்கி, பந்துக்கு வழிவிட்டான். பந்து தரையில் பட்டு எகிறியது. ஓடிவந்த எதிராளி அதை அள்ளிக்கொண்டு போய், தடுப்பாரில்லாமல் கோட்டுக்கு அப்பால் ஊன்றினான். விசில் ஊதியது. தோற்றாயிற்று.

வெட்டுக்கிளி பெஞ்சுப் பக்கம் திரும்பி மேனேஜரைத் தேடினான். கண்டதும் இரண்டு கைகளையும் உயர்த்தி விரித்துக் காட்டினான். சேறு படாத, சுத்தமான கைகள். தொடவில்லை அத்தான், பாருங்கள். முகத்தில் சின்னப் பையனின் சிரிப்பு.

பிறகு ஸ்டாண்டிலிருந்து பாட்டில்கள் வந்தன.

உடை மாற்றும் அறையில் அவனுடைய பையை யாரோ குளிக்கிற தண்ணீரில் வீசியிருந்தார்கள். கேப்டன் அவன் காலடியில் துப்பினான். அவன் நனைந்த சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டான். கோச் மேனேஜரைச் சுவரோரம் தள்ளி, "என்னய்யா சொல்லி அனுப்பினே அவன்கிட்ட?" என்றார். "பயந்துட்டான் போல" என்றார் மேனேஜர். கோச் அவரையே பார்த்துவிட்டு, "நான் இருக்கறவரைக்கும் அவன் இந்தச் சட்டையைப் போட மாட்டான். எனக்கப்புறம் வர்றவனும் குடுக்க மாட்டான். இந்த ஜனம் குடுக்க விடாது" என்றார்.

கார் கண்ணாடியில் கல் விழுந்துகொண்டிருந்தபோதும் பையன் பயப்படவில்லை. அவன்தான் மேனேஜருக்கு ஆறுதல் சொன்னான். "விடுங்க அத்தான். இவங்க திட்டட்டும். எனக்கென்ன, நான் அங்க போகப்போறவன்தானே. உங்களைத்தான் பாவம் ஏதாவது சொல்லுவாங்க." மேனேஜர் காரை ஓட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிக்னலில் நின்றபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் அம்மா டிவி இருந்த திசைக்கே முகத்தை வைத்துக்கொண்டு, "யாரைடா அப்படித் திட்டினாங்க? யாரு அம்மாவோ பாவம்" என்றாள். மகள் அதற்குள் டிவியை அணைத்திருந்தாள்.

மறுநாள் காலை போன் வந்தது. சமையலறையில் நின்று அந்த ஊர் பாஷையில் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தவனின் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டிருந்த மேனேஜரிடம் ஓடிவந்தான்.

"அத்தான், அவங்களுக்கு ரூல் தெரியலை. நான் இறங்கிட்டேனாம், முடிஞ்சுபோச்சாம். பந்து படலைன்னு சொல்றேன், புரியலைங்கறாங்க. நீங்க பேசுங்க. உங்களைத் தெரியும் அவங்களுக்கு. நீங்க சொன்னா கேப்பாங்க."

போனை அவர் கையில் திணித்தான். மறுமுனையில் ஒரு குரல் மரியாதையாக, சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டது. உங்கள் அணியின் ஆட்டக்காரராக அவர் களத்தில் இறங்கினாரா, நீங்களே உறுதி செய்ய முடியுமா? மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். பையன் எதிரே நின்று, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். மனைவி குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நின்றாள். இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் அவர் வேலை போய்விடும், மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் சாட்சி.

"ஆமாம்" என்றார் மேனேஜர். "இறங்கினார்."

குரல் இன்னொன்று கேட்டது. பந்தைத் தொட்டாரா என்பது பற்றி ஏதாவது விதி இருக்கிறதா?

"அப்படி விதி எதுவும் இல்லை" என்றார்.

அந்த அளவுக்கு ஆங்கிலம் எல்லோருக்கும் புரிந்தது. பையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீங்கதானே அத்தான் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்கு மேலே அந்த வீட்டில் அவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். அக்கா தன் புருஷனிடம் சண்டை போடவில்லை. அழுதாள், பிறகு அவர் காப்பித் தம்ளரை எடுத்துக் கழுவாமலேயே குப்பைக் கூடையில் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவின் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி, "தெரியுதா அம்மா?" என்றார். அவள் டாக்டரைத் தாண்டி, கதவோரம் நின்ற மருமகனைப் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுது" என்றாள். "நீங்க சத்தியம் பண்ணின கண்ணுதான் மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகலை. நான்கூட பயந்துட்டேன்."

சங்கத்துத் தலைவர் மட்டும் அவரைப் பாராட்டினார். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தோளில் தட்டினார். "ஆட்டம் போனா போகுது. அந்தப் பயல் நமக்கு இனி வேண்டாம். ஆனா அவனுங்களுக்கும் இல்லாம பண்ணிட்டீங்களே. நல்ல வேலை. அடுத்த வருஷமும் நீங்கதான் மேனேஜர்." மேனேஜர் நன்றி சொன்னார். வேறென்ன சொல்வது? படியிறங்கும்போது டயர் கடைக்காரன், "என்ன சார், சௌக்கியமா?" என்றான். வெட்டுக்கிளியோட அத்தான் என்று கூப்பிடவில்லை. இனி யாரும் கூப்பிடப் போவதில்லை, அவர் ஆசைப்பட்டபடியே.

அடுத்த விடுமுறை நாளில் மேனேஜர் ரயில் பாதைப் பக்கம் போனார். ஆள் பார்க்கப் போனதாக அவரே அவரிடம் சொல்லிக்கொண்டார். கட்டாந்தரையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் குறைவு. கொஞ்ச நேரத்தில் வெட்டுக்கிளி வந்தான். மீன் கிடங்கு வேலைக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட்டுவிட்டானாம், அங்கே கிளப்பில் மட்டும் ஆட விடுவார்களாம். அது வரைக்கும் கால் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. வழக்கம்போல ஒரு கட்சியில் போய் ஓரமாக நின்றான்.

அந்தக் கட்சியில் இருந்த தடியன், "இங்க இடம் இல்ல" என்றான். பையன் மறு கட்சியைப் பார்த்தான். அவர்கள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவன் நகரும்வரை ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள். ஒருவனும் கூப்பிடவில்லை. பாதையோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பழிப்புக் காட்டிச் சிரித்தது.

வெட்டுக்கிளி நடுவில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு விலகி வந்தான். வழியில் மேனேஜர் நின்றிருந்தார். ஏதாவது கேட்பான், திட்டுவான், அடிப்பான் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. பையன் அவருக்கு எதிரே வந்ததும் நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். சுத்தமாக இருந்தன. காட்டிவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் போனான்.